காய்கறி தானிய சூப்: எந்தத் தானியம், எந்தப் பாத்திரம்?

காய்கறி சூப்பில் தானியம் சேர்ப்போம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் காயிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஃப்ரிட்ஜில் கேரட் இருக்கிறது, பாதி முட்டைகோஸ் இருக்கிறது, நாலு தக்காளி இருக்கிறது. எல்லாவற்றையும் நறுக்கிப் போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் கைக்குக் கிடைத்த தானியத்தில் ஒரு பிடி. அப்போதுதான் காய் குழைந்துபோய் தானியம் நறுக்கென்று நிற்கிறது. அல்லது இரண்டும் சரியாக வெந்து, மறுநாள் மூடியைத் திறந்தால் கரண்டியை நட்டு வைக்கும் அளவுக்குக் கெட்டியாகிக் கிடக்கிறது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது தானியத்தை. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், எந்தக் காய் எப்போது உள்ளே போகிறது, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை. காய்கறி எதுவாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். தானியம் அப்படியில்லை. ஒன்று 10 நிமிடத்தில் வேகும், இன்னொன்று ஒரு மணி நேரம் கேட்கும்.

என் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் இருக்கிறது, கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் யாருக்கும் பிரச்சினை இல்லை என்றால் தீட்டிய பார்லி. அரை மணி நேரம்தான் என்றால் தினை அல்லது சாமை. மூன்று நாளைக்கு வைத்துச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால், எந்தத் தானியமானாலும் தனியாக வேகவைத்துத் தனியாகவே வைத்திருங்கள். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சத்துக் கணக்கு எங்கே உதவும், எங்கே உதவாது

எந்தத் தானியம் சத்தானது என்ற கேள்வியோடுதான் பலரும் தேட ஆரம்பிக்கிறார்கள். சூப்பைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி தேர்வுக்கு அவ்வளவு உதவாது. காரணம் அளவு. ஐந்து பேருக்கான சூப்புக்கு, அதாவது சுமார் 2 லிட்டர் தண்ணீருக்கு, 100 கிராம் தானியம் போதும். அரை கப். ஒரு கிண்ணத்துக்கு 20 கிராம்தான் வருகிறது.

தவிடு நீக்காத பார்லியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 17 கிராம் நார்ச்சத்து, தீட்டிய பார்லியில் ஏறத்தாழ 15 கிராம். கிண்ணத்துக்கு என்று வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் அரை கிராம்கூட இல்லை. கினோவாவில் 100 கிராமுக்குச் சுமார் 14 கிராம் புரதம், தீட்டிய பார்லியில் சுமார் 10. கிண்ணத்தில் அது ஒரு கிராமுக்கும் குறைந்த வேறுபாடு. அந்த ஒரு கிராமுக்காகப் பிடிக்காத தானியத்தைப் போட வேண்டியதில்லை. புரதம்தான் குறி என்றால் 100 கிராம் மைசூர் பருப்பைச் சேர்த்துவிடுங்கள். அதில் 24 கிராம் இருக்கிறது, 20 நிமிடத்தில் கரைந்து சூப்போடு கலந்தும் விடும்.

சத்துக் கணக்கு உண்மையிலேயே தேர்வை மாற்றும் இடங்கள் இரண்டு. ஒன்று, வெள்ளை அரிசி. அதில் நார்ச்சத்து 100 கிராமுக்கு ஒரு கிராமை ஒட்டித்தான். பார்லிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கிண்ணத்திலும் தெரியும். இரண்டு, குளூட்டன். குளூட்டன் சேர்ந்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர் ஒருவர் சாப்பிடுகிறார் என்றால் கோதுமை, பார்லி, ரை மூன்றும் கிடையாது. ஓட்ஸில் இயல்பாகக் கோதுமை குளூட்டன் இல்லை. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவது சாதாரணம் என்பதால், குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். அப்படி வாங்கினாலும் சீலியாக் உள்ளவர்களில் சிலருக்கு ஓட்ஸும் ஒத்துக்கொள்ளாது. அரிசி, சிறுதானியங்கள், சோளம், கினோவா இவற்றில் குளூட்டன் இல்லை.

மற்றபடி, நேரத்தையும் பதத்தையும் வைத்தே முடிவு செய்யலாம்.

பார்லி: சூப்புக்கென்றே வாய்த்த தானியம்

பார்லியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றத் தானியங்கள் சூப்பில் கிடக்கும். பார்லி சூப்பையே மாற்றும்.

அதற்குக் காரணம் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து. வேகும்போது அது தண்ணீரில் இறங்கி, மாவு கரைத்து ஊற்றாமலேயே ஒரு வழவழப்பான கெட்டித்தன்மையைத் தருகிறது. மக்காச்சோள மாவு கரைத்த சூப்பின் பிசுபிசுப்பு இதில் இருக்காது. எண்ணெய் குறைவாக ஊற்றியிருந்தாலும் வாயில் நிறைவாக இருக்கும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் இதயநோய் ஆபத்தைக் குறைக்க உதவலாம் என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள 1997-இல் ஓட்ஸுக்கும், 2006-இல் பார்லிக்கும் அனுமதி தந்தது. நம் கிண்ணத்தில் உள்ள 20 கிராம் பார்லியில் சுமார் ஒரு கிராம் இருக்கும். அது சூப்பை மருந்தாக்கிவிடாது, ஆனால் அன்றாடக் கணக்கில் நல்ல பங்கு.

பார்லியில் இரண்டு வகை. உமியை மட்டும் எடுத்துத் தவிட்டை விட்டுவைத்தது ஒன்று. பழுப்பாக, நீளமாக இருக்கும். தவிட்டையும் சேர்த்துத் தேய்த்து எடுத்தது இன்னொன்று. வெளுப்பாக, உருண்டையாக, நடுவில் ஒரு பழுப்புக் கோடோடு இருக்கும். கடைகளில் வெறுமனே பார்லி என்று விற்பது பெரும்பாலும் இந்தத் தீட்டிய வகைதான். தவிடுள்ளதே மேல் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். சூப்புக்கு நான் தீட்டியதையே எடுப்பேன். பார்லியில் பீட்டா குளுக்கன் தவிட்டில் மட்டும் ஒதுங்கியிருப்பதில்லை, உள்மாவு முழுக்கப் பரவியிருக்கிறது. அதனால் தீட்டினாலும் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது. தவிட்டுத் தோல் இல்லாததால் அது தண்ணீரில் இறங்குவதும் சுலபம். சூப்புக்கு வேண்டியது அதுதானே.

நேரமும் பெரிய வித்தியாசம். தீட்டியது திறந்த பாத்திரத்தில் 30 முதல் 40 நிமிடம். தவிடுள்ளது ஊறவைக்காமல் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல், இரவு முழுக்க ஊறினால் 45 அல்லது 50 நிமிடம். மென்று சாப்பிடுகிற பதம் பிடிக்கும், சூப் தெளிவாகவே இருக்கட்டும் என்பவர்களுக்குத் தவிடுள்ளதுதான் சரி. அது எவ்வளவு வெந்தாலும் சட்டென்று உடையாது.

வெந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க வாயில் போட்டுப் பார்ப்பதோடு இன்னொரு வழியும் உண்டு. இரண்டு மூன்று மணிகளைக் கரண்டியில் எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். நடுவில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் உள்மாவுக்கு இன்னும் தண்ணீர் போகவில்லை. வெட்டிய முகம் முழுக்க ஒரே மங்கலான கண்ணாடி நிறத்துக்கு வந்திருந்தால் ஆயிற்று. பல்லில் லேசாக எதிர்ப்புக் கொடுக்கும், ஆனால் ஒட்டாது. தீட்டிய பார்லி அந்தப் பதத்தில் பத்து நிமிடம் கூடுதலாகக் கொதித்தாலும் கெட்டுப்போகாது. அவசரப்பட்டு அடுப்படியிலேயே நிற்க வேண்டியதில்லை என்பதும் நான் பார்லி பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம்.

போடுவதற்கு முன் வெறும் வாணலியில் மிதமான தீயில் நாலைந்து நிமிடம் வறுத்துக்கொண்டால் கொட்டை வாசனை வரும். ஆனால் வறுத்த தானியம் தண்ணீரைக் கெட்டியாக்குவது சற்றுக் குறையும். நீர்க்க இருக்க வேண்டும் என்றால் வறுங்கள். கெட்டியாக வேண்டும் என்றால் கழுவி அப்படியே போடுங்கள்.

அரிசி, கோதுமை, ஓட்ஸ்

வெள்ளை அரிசி 15 நிமிடத்தில் வெந்துவிடும். வயிறு சரியில்லாதவருக்கு, பல் இல்லாதவருக்கு, குழந்தைக்கு என்றால் அதைவிட இதமானது எதுவும் இல்லை. அவர்களுக்கு வேண்டுமென்றே கூடுதலாக வேகவிட்டு மசித்துவிடலாம். மற்றவர்களுக்கான சூப்பில் அரிசிக்கு ஒரு குறை. வெந்த பிறகும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருந்து, கடைசியில் மணி வெடித்து உருவம் இல்லாமல் போகிறது. உடனே பரிமாறித் தீர்த்துவிடுகிற சூப்புக்கு மட்டும் போடலாம். கைக்குத்தல் அரிசி 40 நிமிடம் எடுத்தாலும் வடிவம் காக்கும். குளூட்டன் வேண்டாம், ஆனால் பார்லி போல மெல்லுகிற பதம் வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் மாற்று. வழவழப்பு மட்டும் வராது. அதற்கு ஒரு உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்துக் கரைத்துக்கொள்ளலாம்.

கோதுமையில் மூன்று நிலை உண்டு. முழுக் கோதுமை ஊறவைத்தாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கேட்கும். பார்லியைவிடக் கெட்டியான கடி, நல்ல வாசனை, ஆனால் சூப்போடு ஒன்றாது. உடைத்த கோதுமை 20 நிமிடம், மாவு இறங்கிச் சூப்பைக் கெட்டியாக்கும், கவனிக்காவிட்டால் அடிப்பிடிக்கும். புல்கர் என்பது கோதுமையை முன்பே வேகவைத்துக் காயவைத்து உடைத்தது. அதனால் 10 அல்லது 12 நிமிடம் போதும். புல்கரையும் உடைத்த கோதுமையையும் ஒன்றென்று நினைத்து மாற்றிப் போட்டால் ஒன்று குழையும், இன்னொன்று வேகாது. பாக்கெட்டைப் பார்த்து எடுங்கள்.

ஓட்ஸில் தட்டையாக அழுத்திய அவலைத் தானியமாக நினைத்துப் போடுவதில் பயனில்லை. ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும். ஆனால் மிக்ஸியில் அடிக்கிற சூப்புக்கு அதுவே அருமையான கெட்டிப்பான். பூசணிக்காய் சூப்பில் இரண்டு மேசைக்கரண்டி போட்டு வேகவைத்து அரைத்தால் க்ரீம் ஊற்றியது போல வரும். வெட்டிய ஓட்ஸ், அதாவது முழு மணியை இரண்டு மூன்றாக நறுக்கியது, 25 நிமிடத்தில் வெந்து பார்லிக்கு நெருங்கிய வழவழப்பைத் தரும். வீட்டில் அது இருந்து பார்லி இல்லை என்றால் தயங்க வேண்டாம்.

சிறுதானியமும் கினோவாவும்

தினை, சாமை, வரகு, குதிரைவாலி நான்கும் 15 முதல் 20 நிமிடத்தில் வேகும். சூப்பில் இவை தனித்தனி மணியாகத் தெரியாது. காய்களுக்கு நடுவே பரவி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மணி சிறியதாக இருப்பதால் காயையும் பொடியாக நறுக்க வேண்டும். பெரிய கேரட் துண்டுகளுக்கு நடுவே தினை கிடந்தால் கரண்டியில் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது. 100 கிராமுக்குப் பதில் 80 கிராம் போட்டாலே போதும், பருமன் கூடிவிடும். தீட்டாமல் தோலோடு விற்கும் வகையானால் முன்கூட்டி ஊறவையுங்கள்.

கம்பும் சோளமும் வேறு ரகம். முழு மணியாக வேகவைக்க இரவு ஊறல் வேண்டும், அப்புறமும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். பொறுமை உள்ளவர்களுக்குச் சோளம் ஒரு நல்ல தேர்வு. எவ்வளவு நேரம் சூப்பில் கிடந்தாலும் மணி மணியாக நிற்கும், குளூட்டனும் இல்லை. தவிடுள்ள பார்லியின் இடத்தில் அதை அப்படியே வைக்கலாம்.

கினோவாவின் பெயர் அளவுக்கு அதன் சூப் பயன் பெரிதில்லை என்பது என் கருத்து. 15 நிமிடத்தில் வெந்துவிடும், ஒவ்வொரு மணியிலிருந்தும் வெள்ளை வளையமாக முளை பிரிந்து தெரியும், அழகாக இருக்கும். ஆனால் சூப்புக்கு அது கெட்டித்தன்மையும் தராது, வாசனையும் தராது. அதன் மேல்தோலில் சாபோனின் என்ற கசப்புப் பொருள் உண்டு. கழுவாமல் போட்டால் முழுப் பானையும் லேசாகக் கசக்கும். நுரை நிற்கும் வரை சன்னமான வடிகட்டியில் கழுவ வேண்டும். விலை கொடுத்து வாங்கியதைச் சாலட்டுக்கு வைத்துக்கொண்டு, சூப்புக்குத் தினையைப் போடலாம்.

ஒரே பாத்திரமா, தனித்தனியா?

தானியத்தைத் தேர்ந்த பிறகு வருகிற முக்கியமான கேள்வி இது. பலர் யோசிக்காமல் விட்டுவிடுவதும் இதைத்தான்.

எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்தால் தானியத்தின் மாவும் நார்ச்சத்தும் சூப்பிலேயே சேரும். காயின் சுவையைத் தானியம் உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிடும் அந்த வேளையில் இதற்கு ஈடு கிடையாது. விலை மறுநாள் தெரியும். 100 கிராம் தீட்டிய பார்லி வெந்ததும் மூன்று, மூன்றரை மடங்காகப் பருக்கிறது, அதன் பிறகும் குடிப்பதை நிறுத்துவதில்லை. இரவு ஃப்ரிட்ஜில் வைத்த சூப்பில் காலையில் தண்ணீரே காணாது.

தனியாக வேகவைத்தால் நிறைய உப்புத் தண்ணீரில் தானியத்தைக் கொதிக்கவிட்டு, பதம் வந்ததும் வடித்து, டப்பாவில் போட்டுவைக்கலாம். பரிமாறும்போது கிண்ணத்தில் இரண்டு கரண்டி தானியம், மேலே கொதிக்கும் சூப். மூன்றாம் நாளும் முதல் நாள் மாதிரியே இருக்கும். குளூட்டன் ஆகாதவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவர் கிண்ணத்தில் மட்டும் வேறு தானியத்தைப் போட்டுக்கொள்ளலாம். வடிக்கும் பாத்திரமும் கரண்டியும் மட்டும் தனியாக இருக்க வேண்டும். குறை என்னவென்றால் சூப் நீர்க்க, தானியம் தனியே சப்பென்று நிற்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, நான் அதிகம் சிபாரிசு செய்வது அதையே. தானியத்தைத் தனியாக முக்கால் பதம் வேகவைக்க வேண்டும். கடித்தால் நடுவில் இன்னும் விறைப்பு இருக்க வேண்டும். அன்றைக்குச் சாப்பிடப்போகும் அளவுச் சூப்பை மட்டும் வேறு பாத்திரத்தில் எடுத்து, அதில் தேவையான தானியத்தைப் போட்டுக் கடைசி 10 நிமிடம் சேர்ந்து கொதிக்கவிட வேண்டும். மீதிச் சூப்பும் மீதித் தானியமும் தனித்தனியே ஃப்ரிட்ஜுக்கு. தானியம் வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சூப்பிலேயே ஊற்றிவிடுங்கள். அதில்தான் வழவழப்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் உப்பு இருப்பதால் சூப்புக்கு உப்பைக் கடைசியில் பாருங்கள்.

குக்கரைப் பற்றி

பிரஷர் குக்கரில் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கிறது. தீட்டிய பார்லிக்கு 18 அல்லது 20 நிமிடம், தவிடுள்ளதற்கு அரை மணி நேரம் வரை. நேர மிச்சம் உண்மைதான். ஆனால் காயையும் சேர்த்து உள்ளே போட்டு மூடினால் பார்லி வேகும் நேரத்துக்குள் பூசணி கரைந்துவிடும், கோஸ் வாடை அடிக்கும், பீன்ஸ் நிறம் செத்துவிடும். ஆகவே குக்கரில் தானியம், வெங்காயம், உலர்ந்த காளான் மாதிரி நீண்ட நேரம் கேட்கிறவை மட்டும். மூடியைத் திறந்த பிறகு காயைப் போட்டுத் திறந்தபடியே கால் மணி நேரம். இப்படிச் செய்தால் தவிடுள்ள பார்லியும் வார நாள் சமையலுக்கு ஆகும்.

பார்லியும் ஓட்ஸும் குக்கரில் நுரைக்கும். நுரை ஆவி போகும் துளையை அடைத்துவிடக்கூடும் என்பதால் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். நெருப்பை அணைத்ததும் ஆவியை வலுக்கட்டாயமாக வெளியேற்றாமல் தானாக அடங்கவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

தண்ணீரா, ஸ்டாக்கா?

காய்கறிகளை வேகவைத்து வடித்த ஸ்டாக் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தனியாக அதைத் தயாரிப்பதைவிட, வெங்காயத்தை நன்றாக வதக்குவதில் அந்த நேரத்தைச் செலவிடுங்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் தண்ணீர் ஊற்றிய பிறகு எதுவும் சிவக்காது. சிவப்பதால் வரும் ருசி முழுவதையும் ஊற்றுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். வெங்காயமும் கேரட்டும் செலரியும் எண்ணெயில் 10, 12 நிமிடம் வதங்கி, பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்டத் தொடங்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டிக் கரைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழுப்புதான் ஸ்டாக்கின் வேலையைச் செய்கிறது.

அதோடு ஐந்தாறு உலர்ந்த காளான். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, இறைச்சிச் சாறு போன்ற அதன் நிறைவான சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். தக்காளியில் அது நிறைய உண்டு. உலர்ந்த ஷிட்டாகே காளானில் குவானிலேட் என்ற இன்னொரு பொருள் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ருசி தனித்தனியே இருப்பதைவிடப் பல மடங்கு தூக்கலாகத் தெரியும். இறைச்சி இல்லாத சூப்பில் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் தக்காளி விழுதும் உலர்ந்த காளானும் அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். கடையில் விற்கும் ஸ்டாக் கட்டி அவசரத்துக்கு ஆகும். அதில் உப்பு ஏற்கெனவே தாராளமாக இருப்பதால் நீங்கள் தனியாக உப்புப் போடாமல் முடிவில் ருசி பாருங்கள்.

ஒரு பானைக்கு அளவும் வரிசையும்

தீட்டிய பார்லியை வைத்துச் சொல்கிறேன். அடிகனமான பாத்திரத்தில் 2 மேசைக்கரண்டி எண்ணெய், பெரிய வெங்காயம் ஒன்று, செலரித் தண்டு இரண்டு, கேரட் இரண்டில் ஒன்று மட்டும். மேலே சொன்னபடி வதக்கி, பூண்டு மூன்று பல் நசுக்கிப் போட்டு, ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதை நிறம் கருக்கும் வரை பிரட்டுங்கள். எண்ணெயைக் குறைத்துவிட வேண்டாம். கேரட்டின் கரோட்டினை உடல் ஏற்க அது வேண்டும். கழுவிய 100 கிராம் பார்லி, 2 லிட்டர் வெந்நீர், காளான், பிரிஞ்சி இலை ஒன்று. கொதி வந்ததும் சிம்மில் வைத்து மூடியைச் சாய்த்துவிடுங்கள்.

20 நிமிடம் போனதும் உருளைக்கிழங்கும் மீதிக் கேரட்டும், ஒரு சென்டிமீட்டர் கட்டிகளாக. இன்னொரு 8 நிமிடம் கழித்துக் கோஸ், பீன்ஸ். முதலிலேயே போட்ட கேரட் கரைந்து இனிப்புத் தரும், பிறகு போட்டது கடிக்கக் கிடைக்கும். உருளையைக் கத்தி நுனியால் குத்தினால் தடையில்லாமல் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டே நறுக்கிய தக்காளியைப் போட வேண்டும். இந்த வரிசை முக்கியம். காயைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருப்பது பெக்டின், புளிப்பான தண்ணீரில் அது இளகுவதில்லை. தக்காளியை முதலில் கொட்டிவிட்டு உருளைக்கிழங்கு ஏன் வேகவே மாட்டேன் என்கிறது என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். விழுதாக ஒரே ஒரு கரண்டி போடுவதால் இவ்வளவு தண்ணீரில் ஒன்றும் ஆகாது. தக்காளி சேர்ந்து 5 நிமிடம் கொதித்ததும் கீரை, பட்டாணி. இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடலாம். எலுமிச்சை பிழிவது அடுப்பை அணைத்த பிறகுதான், இல்லையென்றால் கீரையின் பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும்.

இறக்கும்போது சூப் நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் நீர்க்க இருக்கட்டும். கரண்டியால் பாத்திரத்தின் அடியைத் தடவி இழுத்தால் தடம் உடனே மூடிக்கொள்ள வேண்டும். தடம் ஒரு நொடி நின்று மூடினால் மேசைக்குப் போவதற்குள் கெட்டியாகிவிடும், ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

தினையில் செய்தால் இந்த வரிசை தலைகீழாகும். வதக்கல், தண்ணீர், உடனே கிழங்கு வகை. அவை பாதி வெந்த பிறகு தினை. தக்காளி அதற்கும் கடைசிதான். மொத்தமே அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மீந்ததை வைப்பது

வெந்த தானியத்தை வெளியில் வைத்திருப்பது ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சூப் மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன. அது உண்டாக்கும் ஒரு வகை நச்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். பெரிய பானையை அப்படியே உள்ளே வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களுக்கு மாற்றி ஆறவைத்து வையுங்கள். மூன்று நாள், அதிகபட்சம் நான்கு.

ஃப்ரீஸருக்கு என்றால் பார்லியும் சோளமும் நன்றாகத் தாங்கும், வெள்ளை அரிசி நொறுங்கிவிடும். உருளைக்கிழங்கு உறைந்து உருகியதும் பொருபொருவென்று மணலாகிவிடுவதால், உறையவைக்கப்போகும் சூப்பில் அதற்குப் பதில் டர்னிப்போ பூசணியோ போடலாம். கீரையையும் எலுமிச்சையையும் சூடாக்கும் நாளுக்கு விட்டுவையுங்கள். சூடாக்கும்போது அரை டம்ளர் அரை டம்ளராக வெந்நீர் விட்டு இளக்கி, நன்றாகக் கொதிவந்த பிறகு உப்பை மறுபடி பாருங்கள். புதிதாக ஊற்றிய தண்ணீருக்கு உப்பு பெரும்பாலும் தேவைப்படும்.